வெள்ளிக்கிழமை நிற்கும் பெட்டி

காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் நான் செய்யும் முதல் வேலை, மடிக்கணினியைத் திறந்து கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவது. வால்யூம் ஸ்டேட்டஸ். அவ்வளவுதான். என் மனைவி இதைப் பல காலமாகச் சகித்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் எல்லோரும் எழுந்ததும் சாமி கும்பிடுகிறார்கள், இவர் இதைக் கும்பிடுகிறார் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

தட்டியதும் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். கடலூர், அண்ணாகிராமம், சிதம்பரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆன்லைன் அல்லது ஆஃப்லைன் என்று இருக்கும். அவை மூன்று வீடுகளில் இருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் டப்பா அளவு. கடலூர்ப் பெட்டி மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுப் பரணில் இருக்கிறது, தண்ணீர் எட்டாத உயரத்தில். அண்ணாகிராமத்துப் பெட்டி என் மாமனார் வீட்டில் முந்திரி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அங்கே இருப்பது மாமனாருக்கு நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். சிதம்பரத்துப் பெட்டி என் அக்கா வீட்டில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், நான் தினமும் அந்த வரியைத் தட்டுவதே சிதம்பரத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான்.

என் பிழைப்பும் இதுதான். சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் கோப்புகளை ஏராளமான இயந்திரங்களில் பரப்பி வைத்து, எந்த இயந்திரம் செத்தாலும் எதுவும் தொலையாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒரே கோப்பு பல இடங்களில் இருக்கும். ஒரு இடம் விழுந்தால் மற்றவை தாங்கும். விழுந்தது எழுந்து வந்ததும், அது இல்லாத நேரத்தில் என்னென்ன நடந்தது என்று மற்றவை அதற்குச் சொல்லிக் கொடுக்கும். இதையெல்லாம் பட்டன்களும் வண்ண வட்டங்களும் வைத்த திரையிலும் செய்யலாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பச்சை வட்டத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே ஏதோ ஒன்று புகைந்துகொண்டிருக்கும். கறுப்புத் திரை சமாதானம் சொல்லாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைச் சொல்லாது. எங்கள் குடும்பத்தில் எல்லோருமே அப்படித்தான் என்பதால் எனக்கு அது சுலபமாகப் பழகிவிட்டது.

வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தது வெள்ளம். ஒரு கார்த்திகை மழையில் கெடிலம் ஆறு கரை தாண்டி எங்கள் பழைய வீட்டுக்குள் வந்துவிட்டது. அரிசியும் மெத்தையும் போனதைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. ஆல்பங்கள் நனைந்ததுதான் தாங்க முடியவில்லை. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் அப்பாவின் முகம் பக்கத்துப் படத்தோடு உரிந்து போயிற்று. அப்பா இறந்து அப்போதே வெகுகாலம் ஆகியிருந்தது. முகம் தெரிய மிஞ்சியது ஒரே ஒரு படம்தான். அம்மா அழவில்லை. துணிக்கொடியில் கிளிப் போட்டு ஒவ்வொரு படமாகக் காயப்போட்டாள். சிதம்பரத்திலிருந்து அக்கா வந்து, காய்ந்தவரைக்கும் மிஞ்சியதையெல்லாம் தரையில் பரப்பித் தன் போனில் படம் பிடித்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. எதையும் ஒழுங்காகச் செய்வாள். அப்போது அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சாத்தான இந்த கதி? ஒன் ஆபீஸ்ல என்னமோ பண்றேன்னு சொல்லுவியே, அத வூட்டுக்குப் பண்ணேன்."

யோசனை அவளுடையது. நான் பெட்டிகளை வாங்கிக் கட்டினேன், அதிலிருக்கும் படங்களை அவள் தன் போனிலேயே பார்க்கவும் சேர்க்கவும் அழிக்கவும் வழி செய்து கொடுத்தேன், அவ்வளவே.

சிதம்பரத்து வீட்டில் பெட்டியை டிவிக்குக் கீழே, இணைய மோடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் போனபோது பெட்டி அங்கே இல்லை. பூஜை அலமாரியில், நடராஜர் படத்துக்கும் மாமா படத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். அவர் மாரடைப்பில் போனதிலிருந்து அக்கா அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள், மகளும் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போயிருந்தாள். மோடத்திலிருந்து அலமாரி வரை ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஆணியடித்து நிறுத்தியிருந்தாள். விளக்குப் புகை பட்டால் பெட்டிக்கு ஆகாது என்று சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டாள். "அப்பா படம் அதுலதான இருக்கு?"

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போனில் தகவல் வந்தது. 'சிதம்பரம் தொடர்பில் இல்லை.' எந்த ஊர்ப் பெட்டி நின்றாலும், திரும்ப வந்தாலும், எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் தகவல் வருமாறு ஒரு தானியங்கியை எழுதி வைத்திருந்தேன். மாமனாரிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பொட்டிக்கு என்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. தொடைக்கிறேன்."

"பிளக்கப் புடுங்கிட்டியா?"

"பின்ன, கரண்ட் இருக்கறப்பவே ஈரத்துணிய வச்சித் தொடைக்கச் சொல்றியா? அந்த அறிவுகூடவா எனக்கு இல்ல?"

"ஈரத்துணியா!" என்று நான் அலறியது மீட்டிங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி படத்தையெல்லாம் தொடச்சிப் பொட்டு வைக்கிறேன். இத மட்டும் தூசியா வுடறதா? நல்லா இருக்குடா நீ சொல்றது."

இயங்கிக்கொண்டிருக்கும் பெட்டியின் பிளக்கை அப்படியே பிடுங்கக் கூடாது, முதலில் முறையாக நிறுத்த வேண்டும், அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். சரி என்றாள். அடுத்த வெள்ளியும் பிளக்கைத்தான் பிடுங்கினாள். ஆயுத பூஜையன்று சந்தனம் தடவிக் குங்குமம் வைத்ததில், குங்குமம் காற்றுத் துளைக்குள் போய் உள்ளிருந்த விசிறி மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது. நான் போய்ப் பிரஷ் வைத்துத் தட்டினேன்; சிவப்பாகக் கொட்டியது. என் தொழிலில் எத்தனையோ விதமான கோளாறுகளைப் பார்த்திருக்கிறேன். குங்குமத்தால் நின்ற இயந்திரத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கடைசியில் நான்தான் வழிக்கு வந்தேன். ஆபீசில் பராமரிப்பு நேரம் என்று ஒன்று வைப்போம். அந்த நேரத்தில் இயந்திரம் நின்றால் யாருக்கும் தகவல் போகாது. வெள்ளிக்கிழமை காலையைச் சிதம்பரத்துக்குப் பராமரிப்பு நேரமாக எழுதி வைத்தேன். பெட்டி நிற்கும், கொஞ்ச நேரத்தில் வரும், மற்ற இரண்டு பெட்டிகளும் அதற்கு விட்டுப்போனதைச் சொல்லிக் கொடுக்கும். ஹீல் இன்ஃபோ என்று தட்டினால் இன்னும் எத்தனை கோப்பு பாக்கி என்று காட்டும். அது பூஜ்யத்துக்கு இறங்கியதும் நான் ஆபீஸ் வேலையைப் பார்ப்பேன்.

அம்மா இறந்தது பிறகு வந்த ஒரு புயலில்.

காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மரங்கள் சாலையில் கிடந்தன. கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. அம்மா காய்ச்சலில் படுத்தவள், விடியற்காலையில் ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். சிதம்பரத்துக்குச் சொல்லி அனுப்பப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பைக்கில் கிளம்பினார். ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது என்று திரும்பி வந்தார். பிறகு வேறு வழியாக ஒரு லாரிக்காரரிடம் தகவல் போனது. ஐஸ் பெட்டிக்கு அலைந்தோம். கிடைத்த ஒன்றுக்கும் ஜெனரேட்டர் கிடைக்கவில்லை. இதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியும் தெருப் பெண்களும் அம்மாவைக் குளிப்பாட்டிப் புடவை கட்டினார்கள். அப்பா போன பிறகும் அம்மா பொட்டு வைப்பதை விடவில்லை. யார் என்ன சொன்னாலும் கவலைப்படாமல் காலணா அளவுக்கு வைத்துக்கொள்வாள். அந்தப் பொட்டை அக்காதான் வைத்திருக்க வேண்டும். அக்கா இல்லாததால் நான் வைத்தேன். எடுப்பதற்கு முன் அம்மாவின் முகத்தை என் போனில் ஒரு படம் எடுத்தேன், அக்காவுக்காக.

நாங்கள் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து சேர்ந்தாள். கொஞ்ச தூரம் டிராக்டரிலும் மீதியை நடந்தும் வந்திருந்தாள். புடவை முழங்கால் வரை சேறாக இருந்தது. கழுவி விட்டிருந்த கூடத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்காவ ஒரு ராத்திரி வச்சிருக்க முடியலயாடா ஒனக்கு?"

இதற்கு நான் என்ன சொன்னாலும் அது பதில் ஆகாது. சொல்லியும் பார்த்தேன், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், பெரியவர்கள். சொல்லச் சொல்ல அவள் முகம் மூடிக்கொண்டே போனது. யார் மேல் தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்ணீர் மேல் கோபித்துக்கொள்ள முடியாது, அதனால் என் மேல் கோபித்துக்கொண்டாள். காரியம் முடியும்வரை இருந்தாள், என்னோடு பேசாமல். பிறகு சிதம்பரம் போனவள்தான்.

அவள் போனபின் கரண்ட் வந்து பெட்டிகள் எல்லாம் எழுந்ததும், அம்மாவின் அந்தப் படத்தைக் குடும்பப் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் போட்டேன். நேரில் பார்க்க முடியாத முகத்தை இதிலாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை தட்டிப் பார்த்தால் படம் இல்லை. மூன்று ஊரிலும் இல்லை.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை ஊரில் பிரதி வைத்தாலும் அது வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் எலிக்கும்தான் காவல். மனிதக் கைக்குக் காவல் இல்லை. ஓர் இடத்தில் ஒருவர் வேண்டாம் என்று அழித்தால், அந்த வேண்டாமும் எல்லா ஊருக்கும் போய்ச் சேரும். பதிவில் தேடினேன். அழித்தது சிதம்பரத்திலிருந்து.

அழித்த கோப்பு உடனே சாகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குப்பைக்கூடையில் கொஞ்ச காலம் கிடக்கும், அப்புறம் தானாகத் துடைக்கப்படும். அந்தத் துடைப்பை நிறுத்தி வைக்க ஒரு வரி போதும். தட்டினேன். படத்தை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை, திறந்தும் பார்க்கவில்லை. அவள் வேண்டாம் என்றதை மறுபடி அவள் முன்னால் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

அதன்பின் அக்கா என் எண்ணைத் தடுத்து வைத்தாள். என் மனைவி கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோக ஏற்பாடு செய்தபோது, யாரும் வர வேண்டாம் என்று ஒரு உறவுக்காரர் மூலம் சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு அக்கா மகளிடமோ உறவுக்காரர்களிடமோ நான் எதுவும் கேட்பதில்லை. ஒன்று கேட்டால் அது ஒன்பதாகி ஊரைச் சுற்றி வரும்.

ஆனால் பெட்டியை அவள் நிறுத்தவில்லை. ஒரு பிளக்கைப் பிடுங்கி மூலையில் போட்டிருந்தால் முடிந்திருக்கும். தினமும் காலையில் நான் பயந்துகொண்டே தட்டுவேன், சிதம்பரம், ஆன்லைன். அவள் சிதம்பரம் திரும்பிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை அது நின்றபோது, முடிந்தது, தலைமுழுகிவிட்டாள் என்றே நினைத்தேன். குளிக்கப் போனவன் குளிக்காமல் திரும்பி வந்து மறுபடி தட்டினேன். வந்துவிட்டிருந்தது. துடைத்திருக்கிறாள். பொட்டு வைத்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுததை என் மனைவி பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே பராமரிப்பு நேரத்தை எடுத்துவிட்டேன். எனக்கு அந்தத் தகவல் வேண்டும் என்று இருந்தது. அது என் எண்ணிலிருந்து போவதில்லை, தானியங்கி அனுப்புவது, அதனால் அக்காவின் போனுக்கும் அது போய்க்கொண்டுதான் இருக்கும். அவள் அதைப் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரிய வழியில்லை. வெள்ளிக்கிழமை காலை 'சிதம்பரம் தொடர்பில் இல்லை' என்று வரும். அப்போது என் அக்கா கையில் துணியோடு அலமாரி முன்னால் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் 'சிதம்பரம் தொடர்புக்கு வந்தது' என்று வரும். நன்றாக இருக்கிறாள், முட்டி வலியில்லாமல் நிற்க முடிகிறது, கோபம் பெட்டியின் மேல் இல்லை. ஒரு வாரத்துக்கு எனக்கு அது போதும். போதாது, ஆனால் அதைத்தான் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒருமுறை ஒரு மழையில் கடலூரில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. என் பெட்டி நின்றது. 'கடலூர் தொடர்பில் இல்லை' என்று அக்காவுக்குப் போயிருக்கும். இருட்டில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடமாட்டாளா என்று சார்ஜ் இல்லாத போனைப் பார்த்துக்கொண்டிருந்த முட்டாள் நான்தான்.

ஆபீஸ் நண்பர் ஒருவர், வாராவாரம் நிற்கும் பெட்டியை வைத்துக்கொண்டு ஏன் மாரடிக்கிறீர்கள், அதைக் கழற்றிவிட்டு வாடகைக்கு ஓரிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தொழில்முறையில் அவர் சொன்னது சரி. கழற்றும் ஆணை டிட்டாச். தட்டினால் அது நிதானமாகக் கேட்கும், நிச்சயமாகவா, ஆமா இல்லையா என்று. ஒரு கசப்பான நாளில் அதைத் தட்டியும் விட்டேன். கேள்வி வந்து நின்றது. ஆமா என்று தட்டினால் முடிந்துவிடும் விஷயம். இல்லை என்று தட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தகவல் வரவில்லை.

தட்டிப் பார்த்தேன். சிதம்பரம், ஆன்லைன். மத்தியானம் பார்த்தேன், ஆன்லைன். ஊருக்குப் போயிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வெள்ளியும் நிற்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும். இயந்திரம் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று காட்டும் ஒரு எண் உண்டு. எங்கள் தொழிலில் அந்த எண் ஏற ஏறப் பெருமை. சிலர் அதைப் படம் எடுத்துக் காட்டிக்கொள்வார்கள். சிதம்பரத்தின் எண் ஏறிக்கொண்டே போனதை நான் மணிக்கொரு தரம் தட்டிப் பார்த்தேன். விழுந்து கிடக்கிறாளோ. ஆஸ்பத்திரியில் இருக்கிறாளோ. அதற்கும் மேலே நினைக்காமல் இருக்க முயன்றேன்.

"நேர்லதான் போயிப் பாருங்களேன்," என்றாள் என் மனைவி. "தொறத்தியா வுடப் போறாங்க? அப்பிடியே தொறத்துனாலும் என்னா, அக்காதான."

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலும் பெட்டி நிற்காததைப் பார்த்துவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுன் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரத்தில் யாரோ மீன் கூடையோடு ஏறி கண்டக்டரிடம் திட்டு வாங்கினார்கள். பி.முட்லூர் பக்கம் வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது கீழே பார்த்தேன். சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நீ இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று அந்தத் தண்ணீரிடம் கேட்கத் தோன்றியது.

மேலவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. மாடியில் குடியிருக்கும் ஒரு அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு வேணும்?"

"அக்காவப் பாக்க வந்தேன். தம்பி நான், கடலூர்லேர்ந்து."

அவர் இறங்கி வந்தார். "அவுங்க பூனா போயிட்டாங்களே. பொண்ணுக்குப் பிரசவம். டாக்டர் டிராவல் பண்ணக் கூடாதுன்னுட்டாராம், அதான் இவுங்க போயிட்டாங்க. வளைகாப்புகூட அங்கயே வச்சிட்டாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "நீங்க தாய்மாமன்தான? ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்," என்றேன். "எப்பக் கெளம்புனாங்கன்னுதான் தெரியல."

அவர் நம்பியது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நல்ல மனுஷி. அக்கா உயிரோடு, நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாயிற்று. அதே நொடியில், தாய்மாமன் இல்லாமல் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு நடந்திருக்கிறது என்பது நெஞ்சில் வந்து குத்தியது. அந்தப் பெண்ணுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"வெளக்கு வைக்க சாவி என்கிட்டதான் குடுத்துருக்காங்க," என்றார் அந்த அம்மா கதவைத் திறந்தபடி. "எதை வேணா தொடு, அந்தப் பொட்டிய மட்டும் தொட்டுடாதன்னு நூறு தடவ சொல்லிட்டுப் போனாங்க. நின்னுடுச்சின்னா தம்பி தவிச்சிப் போயிடுவான்னு. அதனால நான் வெளக்க ஏத்துவேன், பொட்டி பக்கமே போவமாட்டேன்."

நின்றுவிட்டால் தவித்துப் போவேனாம். அது நிற்காததால்தான் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அம்மா அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று மேலே போனார். நான் பூஜை அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பெட்டியின் நெற்றியில், அதற்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், பழைய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேல் மங்கிப்போன குங்குமம். எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசி. மடிக்கணினியைத் திறந்தேன். முறையாக நிறுத்தும் ஆணை விரல் நுனியில் இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் வேறு விதமாக எந்த இயந்திரத்தையும் நான் நிறுத்தியதில்லை.

ஆணையைத் தட்டாமல் கையை நீட்டிப் பிளக்கைப் பிடுங்கினேன்.

துடைக்கத்தான் பிடுங்கினேன், தகவல் போகும் என்ற நினைப்பே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். என் பையில் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. 'சிதம்பரம் தொடர்பில் இல்லை.' இதே நேரத்தில் பூனாவில் இன்னொரு போனும் அதிர்ந்திருக்கும். நான் எழுந்து போய்ச் சமையலறையில் துணி தேடி எடுத்து வந்தேன். துடைத்தேன். குங்குமச் சிமிழைத் திறந்தேன்.

பொட்டு வைத்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அக்கா என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் என் திரையில் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று. எடுத்தேன்.

"வூட்டுலயாடா இருக்க?" குரல் பதறியது. "பொட்டி நின்னுடுச்சின்னு வந்துருக்கு. மாடியில கூப்ட்டா நீ வந்துருக்கன்னு சொல்றாங்க."

"நாந்தாங்க்கா. வெள்ளிக்கெழம இல்ல? தொடைக்கிறேன்."

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"ஈரத்துணியா?" என்றாள் கடைசியில்.

"இல்ல. காஞ்ச துணிதான்."

"ஆமா, நீ படிச்சவன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மழைல ரெண்டு நாளு ஒன் பொட்டி இல்லாமப் போச்சே, அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு எறங்கலடா. வந்துடுச்சின்னு மெசேஜ் வந்தப்பறந்தான் தண்ணியே குடிச்சேன்."

ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். நானும்தான் பஸ் ஏறியிருக்கலாம், இத்தனை நாளில். பிளக்கைச் செருகினேன். விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"பேரன் பொறந்துருக்கான்," என்றாள். "முந்தா நாளு. சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்பிடி இருக்காங்க ரெண்டு பேரும்?"

"நல்லா இருக்காங்க. பய நம்ம அம்மா சாடை. அந்த நெத்தியப் பாத்ததுலேர்ந்து எனக்கு..." நிறுத்திக்கொண்டாள். தூரத்தில் ஒரு பச்சைக் குழந்தை சிணுங்குவது கேட்டது. "டேய், அன்னிக்கு ஒரு படம் போட்டியே. நான் பாக்காமயே அழிச்சிட்டேன். அது போனது போனதுதானா?"

"இல்லக்கா. இருக்கு."

"நெசமாவா?"

"இரு."

ஹீல் இன்ஃபோ தட்டினேன். சிதம்பரம் எழுந்துவிட்டிருந்தது, பாக்கி எதுவும் இல்லை. குப்பைக்கூடையிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துப் பழைய இடத்தில் வைக்க ஒரே வரிதான். தட்டும்போது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். எண்டர் தட்டினேன். கறுப்புத் திரை வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. கடலூரிலும் அண்ணாகிராமத்திலும் என் கண் முன்னால் இருந்த பெட்டியிலும் அம்மா வந்துவிட்டாள்.

"போனத் தொறந்து பாரு," என்றேன்.

அவள் பார்த்தாள். அதை நான் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் மூச்சு நின்றது, பிறகு அன்றைக்குக் கூடத்தில் நின்று அழாமல் போனதையெல்லாம் சேர்த்து அழுதாள். வெளியே கோயிலுக்குப் பூக்கொண்டு போகிறவர்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போனார்கள்.

அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

"பொட்டு யாரு வச்சது?"

"நாந்தாங்க்கா."

"கோணலா வச்சிருக்கடா," என்றாள் என் அக்கா.

"ஆமாங்க்கா," என்றேன்.